அளவு சரியா என்று கேட்டபோது

நேற்று நிலையத்துக்குப் புதிய தீயணைப்பு உடுப்புகள் வந்தன. பையைப் பிரித்ததும் புதுத் துணியும் ரப்பரும் கலந்த வாசனை. கோட்டைப் போட்டுப் பார்த்தேன். தோள் தோளிலேயே நின்றது. கையுறைக்குள் நுனிவரை என் விரல் இருந்தது. இன்னொரு பையின் மேல் உன் பெயர். ஸ்டோர்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இத இன்னாம்மா பண்றது?" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு என்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நெருப்பில் போகவில்லை, மூன்று நாள் காய்ச்சல். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. டியூட்டிக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

நீ கோட்டைக்குப்பம், நான் காட்டூர். ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். நிலையத்தில் பெண்கள் நாம் இருவர்தான். ஆண்களுக்குத் தைத்ததில் இருப்பதிலேயே சின்னதைப் பார்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பேன்ட்டோடு ஏணியில் ஏறினால் காலைத் தூக்க முடியாது. ஹெல்மெட் கண்ணுக்கு மேல் சரியும். "எங்க நைனா சட்டையப் போட்டுக்கினா மாரி கீது" என்று நீ சிரிப்பாய்.

உன் ஊரிலேயே மீன் வலைக் கொட்டகை ஒன்று எரிந்த அன்று நான் உன் பின்னால் நின்றிருந்தேன். ஹோஸைப் பூட்ட வேண்டும். கையுறையின் விரல் நுனிகள் காலியாக மடங்கின, பிடி கிடைக்கவில்லை. நீ வலது கையுறையைக் கழற்றிவிட்டுப் பூட்டினாய். தண்ணீர் வந்தது. அதற்குள் பரணிலிருந்து உருகிய நைலான் உன் கையில் சொட்டிவிட்டது. நீ ஹோஸை விடவில்லை.

பாதுகாப்பு உடுப்பை ஏன் கழற்றினாய் என்று மெமோ வந்தது. நீ ஒரு வெள்ளைத் தாளில் கையுறையை வைத்து வரைந்து, அதற்குள் உன் இடது கையை வைத்து, கட்டுக்கு வெளியே நீட்டிய வலது விரல்களால் வரைந்தாய். இரண்டு கோட்டுக்கும் நடுவில் அவ்வளவு இடம். "இதான் சார் காரணம்" என்று நீட்டினாய். விசாரிக்க வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் அதே கிளவுஸ்தானே? அளவு சரியாத்தானே இருக்கு?"

அப்போது நமக்கு வேலை நிரந்தரமாகவில்லை. "அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன் சார்" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில், "தப்பா சொல்லிட்டேன்டி" என்றேன். கட்டுப் போட்ட கை உன் மடியில் இருந்தது. "உனக்கு வேல நிக்கணும்ல. உட்டுத் தள்ளு" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. நம் அளவில் உடுப்புக் கேட்டு மேலிடத்துக்கு மனு எழுதுவதை மட்டும் விடவில்லை. என்னிடம் கையெழுத்துக் கேட்கவும் இல்லை.

கடைசியில் அளவு கேட்டுக் கடிதம் வந்தபோது நான் அக்கா கல்யாணத்துக்கு லீவில் இருந்தேன். என் அளவையும் நீயே எழுதி அனுப்பிவிட்டாய். "என் சுடிதாரப் போட்டுக்கினு போறவதானே நீ. உன் அளவு எனக்குத் தெரியாதா?" என்றாய்.

வந்த உடுப்பில் பூட்ஸ் இல்லை. இன்று காலை நானே மனு எழுதி நிலைய அலுவலர் மேசையில் வைத்தேன். படித்தார்.

"பழைய பூட்ஸ்லதான இத்தன நாள் ஓட்டின?"

"ரெண்டு சாக்ஸ் போட்டு ஓட்டினேன் சார். சேத்துல கால் நிக்கல. ஏரிக்கரையில ரெண்டு வாட்டி விழுந்துட்டேன்."

"அப்பவே சொல்றதுதானே?"

"பயந்துட்டேன் சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. அன்று விசாரணையின்போது உன் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டியது அது. இன்று சொன்னேன், நீ இல்லை.