மெஷின் விட்ட கொட்டாவி

அன்புள்ள அண்ணா,

கோடை விடுமுறையில் இன்ஜினியரிங் கல்லூரியிலேயே ஆராய்ச்சி செய்ய உன்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாக வீட்டுக்குக் கடிதம் வந்தது. கூடவே உன் விண்ணப்பத்தின் நகலும் இருந்தது.

முழுக்க ஆங்கிலம். நடுவில் ஆங்கில எழுத்தில் இருந்த ஒரு தமிழ்ச் சொல்லை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். கொட்டாவி. நான் வேலை பார்க்கும் சலவைக்கடை மெஷின் பழுதாவதற்கு முன் கொட்டாவி விடும் என்று நான் சொன்னபோது, "போடி தூங்குமூஞ்சி, அது உன் கொட்டாவி" என்று சிரித்தாயே, அதேதான்.

மீதியை முதலாளியம்மா படித்தார். "இதை நான்தான் கவனிச்சேன்னு எழுதியிருக்கான். உங்கண்ணன் எப்போ நம்ம கடையில வேலை பார்த்தான்?" என்றார்.

எனக்கு வந்தது கோபமா பெருமையா என்றே தெரியவில்லை. எட்டாவதோடு நின்றவள் கவனித்தாலும் அதற்கு ஆராய்ச்சி என்றுதான் பேரா?

அந்தச் சத்தத்தை நீ கேட்டதே இல்லை. அது எப்படி இருக்கும் என்று பேராசிரியர் கேட்டால் என்ன சொல்வாய்? அதற்குள் ஒருநாள் கடைக்கு வா, கேட்க வைக்கிறேன்.

உன்
தூங்குமூஞ்சி