மேடையில் இல்லாத குரல்

அம்மணி,

போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் உடுமலைப்பேட்டையில் ஒரு கல்லூரி விழா. பதினெட்டு வருடம் என்னோடு ஊர் ஊராகப் பாடிய உன் அண்ணன் யஷ்வந்த் விபத்தில் போனபிறகு, எங்கள் ராக் பேண்டுக்கு இதுதான் முதல் மேடை. அவனுடைய மைக்கை வைக்க வேண்டாம் என்றேன். கிதாரோடு நான் மட்டும்தான் பாடினேன்.

முடிந்ததும் சவுண்ட் பார்க்கும் மிதுன் ஓடிவந்தான். "ஏனுங்ண்ணா, புதுப் பாட்டுல உங்ககூடப் பாடுனது யாருங்க? அருமையா இருந்துச்சுங்க."

யாருமில்லை என்றேன். பதிவைப் போட்டுக் காட்டினான்.

யஷ்வந்த்தான். பழைய பதிவு ஏதோ கலந்துவிட்டது என்று சொல்லப் பார்த்தேன். ஆனால் அந்தப் பாட்டை நான் எழுதியதே போன வாரம்தான்.

கடைசியில் அவன் பாடவில்லை, பேசினான். "மாப்ளே, அம்மணிகிட்டச் சொல்லிப்போட்டியா?"

அன்னூர்ப் பக்கம் வேன் மரத்தில் மோதியபோது அவன்தான் ஓட்டினான் என்று போலீஸிடமும் உன்னிடமும் சொன்னேன். குடித்துவிட்டு ஓட்டினான் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நீ அழுதாய். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான், கண்ணு. ஓட்டியது நான்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். பதிவு மிதுனிடம் இருக்கிறது. கேட்கத் தோன்றினால் கேள். உன் அண்ணன் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்