உன்னை எடுத்த நேரத்தில் நான் வேனில் இருந்தேன்

என் செல்ல அக்காவுக்கு,

உன் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. நீ போன பிறகும் அது ஓயவில்லை. கண் ஆஸ்பத்திரிக்கு, பிசியோதெரபிக்கு, பேங்குக்கு என்று வயதானவர்களும் நடக்க முடியாதவர்களும் வண்டி கேட்கிறார்கள். யாருக்குத் தன்னார்வலர் கார், யாருக்கு வாடகை வேன் என்று நீ செய்ததுபோல இப்போது நான்தான் பிரித்து அனுப்புகிறேன். அழுகை மட்டும் இன்னும் வரவில்லை. மரத்துப்போய்விட்டேனா?

உன்னை எடுத்த அன்று நடந்ததை உனக்கு யார் சொல்லப்போகிறார்கள்? நானே சொல்கிறேன்.

நம் பெருங்களத்தூர் தெரு முழுக்க உன் தன்னார்வலர்களின் கார்கள்தான். சக்கர நாற்காலி ஏற்றுகிற வேனை ஓட்டும் ராஜியும் மாலையோடு வந்து நின்றார். மேளச் சத்தத்துக்கு நடுவே உன் போன் அடித்தது, நான் எடுத்தேன். பீர்க்கன்கரணை ஏகாம்பரம் ஐயா. அன்றைக்கு அவருக்கு டயாலிசிஸ். ஒரு கால் எடுக்கப்பட்ட மனிதர், நாற்காலியில் உட்கார்ந்தபடி வாசலில் காத்திருந்தார். வேன் அவரை விட்டுவிட்டு வந்திருக்கும் என்று கார்க்காரர்கள் நினைத்தார்கள். யாராவது காரில் தூக்கி வைத்துக் கூட்டிப் போயிருப்பார்கள் என்று ராஜி நினைத்தார். நல்ல கூத்து, போ.

ராஜி சாவியை எடுத்தார். நாற்காலியை ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும், தனியாக அனுப்பாதே என்பாய். எல்லோரும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரைக் கூப்பிடுவது? நானே ஏறினேன்.

"கூடப் பொறந்தவ, எடுக்கற நேரத்துல எங்கடி போற?" என்று சித்தி கையைப் பிடித்தாள். கையை விடுவித்துக்கொண்டு வேன் கதவைச் சாத்தினேன்.

வழியில் ஐயா கேட்டார். "போன்ல அக்கா குரல் மாதிரி இல்லியேம்மா, அக்கா எங்க கீது?"

சொன்னேன். இன்றைக்குத்தான் எடுக்கிறார்கள் என்றும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் இறக்கியதும், "நீ போம்மா, அக்கா மொகத்தப் பாத்துக்க" என்றார். அவரைப் படுக்கையில் சேர்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். திரும்பியபோது நம் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கோபமா அக்கா? உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்காததற்கு எனக்கே என் மேல் கோபம் வர வேண்டும். அதுகூட வரவில்லை.

இன்று காலை ஐயா மறுபடி கூப்பிட்டார். அக்கா இல்லாவிட்டால் வண்டி நின்றுவிடுமா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை, சுற்றிச் சுற்றிப் பேசினார். நிற்காது என்றேன்.

ராஜியிடமும் கார்க்காரர்களிடமும் ஒன்று சொல்லிவிட்டேன். இனி நம்மில் யார் செத்தாலும் ஒரு வண்டியும் ஓர் ஆளும் துக்க வீட்டுக்கு வராமல் வேலைக்குத் தயாராக நிற்க வேண்டும். இதை நான் நடத்திக் காட்டுவேன். என் சாவுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

உன் தங்கை,
கோமதி