இணைச்சீருக்கு நானே நிற்பேன்

துடியலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி கிருபாவுக்கு,

அக்கா கீதா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். டப்ளினில் குளிர் குறைந்துவிட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னார். போனில் பேசினால், "சூன் சொல்றேனுங்கக்கா" என்று இங்கிலீஷ் கலந்து சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். உன் நண்பன் சஹீர் வெள்ளிக்கிழமை கிளம்புகிறான். பருப்புப்பொடியோடு இதையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பொடியை மட்டும் எடுத்துக்கொண்டு இதை ஓரமாக வைத்துவிடாதே.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். உன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு உன் பக்கத்தில் நான் நிற்கக் கூடாது என்று பேசி முடித்திருக்கிறார்கள். பெரியப்பா மகள் வர்ஷினி நிற்பாளாம். கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடிக்க, மறுமுனையை அவன் உடன்பிறந்தவள் பிடிப்பதுதான் அந்தச் சீர். உடன்பிறந்தவள் நான் உயிரோடுதான் இருக்கிறேன். ஆனால் என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார் அல்லவா, அதனால் நான் ஆகாதாம்.

நம் செல்லாத்தாள் அத்தைதான் பேச்சை எடுத்தார். "ஏனுங்கண்ணா, கீதா நின்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. அவ கூட்டத்தோட உக்காந்து பாக்கட்டும்" என்றார். அப்பாவின் கல்யாணத்தில் சேலை முனையைப் பிடித்தவர் இதே அத்தைதான். இன்றும் அந்தப் போட்டோவை முன்னறையில் மாட்டி வைத்திருக்கிறார். அப்பா சரி என்று தலையை ஆட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் காபியில் சர்க்கரையே போடாமல் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு பேரும் கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள்.

பீளமேட்டில் என் ஆங்கில வகுப்பு நன்றாகப் போகிறது. வேலைக்கு நேர்முகம் போகிற பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். நேரத்தையும் வரிசையையும் சொல்லும் ஆங்கில வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று இந்த வாரம் பாடம் எடுத்தேன். எடுக்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். நீ சொல்கிற அந்த 'சூன்' இருக்கிறதே, பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'உடனே' என்றுதான் அர்த்தம். உடனே, உடனே என்று சொல்லிவிட்டு ஆளாளுக்கு இழுத்தடித்ததில் அது 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஆகிப்போனது. உன்னைப் போன்ற ஆட்கள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

நண்பகலைச் சொல்லும் 'நூன்' கதை இன்னும் வேடிக்கை. லத்தீனில் ஒன்பதாம் மணி என்ற சொல்லிலிருந்து வந்தது. விடியலிலிருந்து எண்ணினால் பிற்பகல் மூன்று மணி. அந்த நேரத்துப் பிரார்த்தனை முடிந்துதான் துறவிகள் விரதம் விடுவார்களாம். பசி தாங்காமல் பிரார்த்தனையையே கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்து உச்சிவேளையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். யுவஸ்ரீ என்றொரு மாணவி, "அதுக்குச் சாமி ஒண்ணும் கோவிச்சுக்கலீங்களா மேடம்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

நம் வீட்டிலும் எவ்வளவோ நகர்ந்திருக்கிறது, கிருபா. மூன்று நாள் கல்யாணம் மண்டபத்துக்காக ஒன்றரை நாளாகச் சுருங்கியது. நீ கட்டிக்கொள்ளப் போகிற ஹாரிகா வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், நம் சனமில்லை என்று முகம் திருப்பிக்கொண்டிருந்த அப்பா, இப்போது அவள் அப்பாவோடு உட்கார்ந்து பந்திக்கு என்ன பலகாரம் என்று பேசுகிறார். எனக்கு அதில் மனசு நிறைந்த சந்தோஷம். ஆனால் உனக்காக வளைந்துகொடுத்த வழக்கம் எனக்கு மட்டும் ஏன் விறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்?

'செகண்ட்' என்றால் பின்னால் வருவது, அவ்வளவுதான். மட்டமானது என்று அதன் வேரில் எங்கும் இல்லை. 'ஃபர்ஸ்ட்' என்றால் எல்லாருக்கும் முன்னால் இருப்பது. இந்த வீட்டில் முதலில் பிறந்தவள் நான், எனக்குப் பின்னால் வந்தவன் நீ. வார்த்தைகளின் கதையைச் சொல்லி உன்னை மயக்கப் பார்க்கவில்லை, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் எனக்குச் சம்பளமாவது வரும். அவர் போனதோடு மனைவி என்கிற இடம் என்னிடமிருந்து போய்விட்டது. அதற்கு அழுது முடித்துவிட்டேன். அக்கா என்கிற இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள நான் விட மாட்டேன்.

நேற்று ஹாரிகா போன் செய்தாள். "இணைச்சீருன்னா என்னங்கக்கா? எங்க வீட்ல அது இல்லைங்களே. நீங்கதான கிருபா பக்கத்துல நிப்பீங்க?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. ஆமாம், நான்தான் என்று சொல்லிவிட்டேன். இன்று காலையில் அப்பாவிடமும் அதையே நேராகச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கிருபா என்ன சொல்றானோ அப்படியே செஞ்சுபோடலாம்" என்றார். ஆக, இனி உன் வாயில்தான் இருக்கிறது.

அப்பாவோடு நீ மல்லுக்கு நிற்க வேண்டாம். போன் செய்து, என் அக்காதான் நிற்பாள் என்று ஒரு வார்த்தை சொல், போதும். வேண்டாம் என்று நினைத்தால் அதையும் நீயே என்னிடம் சொல், கேட்டுக்கொள்கிறேன். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, மண்டபத்தில் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொள்ளாதே. அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

என்னைப் போன்றவள் வாயால் கல்யாண வாழ்த்து வரக் கூடாது என்பார்கள். கடிதத்தில் என் வாயை யாரும் பொத்த முடியாது. நீயும் ஹாரிகாவும் ஒருவரை ஒருவர் தனியே விட்டுவிட்டுப் போகாமல், தலை நரைத்து, பல் விழுந்து, நெடுங்காலம் சேர்ந்தே இருங்கள். இதை உன் பக்கத்தில் நின்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது, கண்ணு. அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு.

உன் அக்கா,
கீதா