கொழுந்து லொறியில் ஆள் ஏற்றலாமா, மச்சான்?

என் பிரியமுள்ள மச்சான் சவரிமுத்து,

நீ போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தபால் வருமோ வராதோ தெரியாது. வந்தால், இது யாருடைய கையெழுத்து என்று திகைப்பாய். என்னுடையதுதான். நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஒரு சிஸ்டர் வயசானவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். போன வருஷம் போய் உட்கார்ந்தேன். இப்போது பேப்பர் வாசிக்கிறேன். விரலை வைத்து, மெதுவாக வாசிக்கிறேன். ஆனால் வாசிக்கிறேன், மச்சான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வேலை முடிந்து வந்து நீ எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவாயே, அதில் பாதி நீயே கட்டியதுதானே? நானே வாசிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள்கூட அவ்வளவு ருசியாக இல்லை.

தேயிலை ஸ்டோர் வாசலில் கம்பனி ஒரு பலகை வைத்திருக்கிறது. இத்தனை காலமும் அதை நாய் இருக்கிறது என்கிற எச்சரிக்கை என்று நினைத்து ஒதுங்கி நடந்தேன். போன மாதம் நின்று வாசித்தேன். ‘மக்களே எமது முதல் செல்வம்’ என்று எழுதியிருக்கிறது. மடுல்சீமைப் பனியில் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று ஒரு கிழவன் தனியாகச் சிரித்ததைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

சந்தோஷத்தை முதலில் சொல்லிவிட்டேன். இனி வருவது வேறு மாதிரி.

நீ ஓட்டின லொறி இப்போது இல்லை. நீ போன பிறகு அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். தேயிலைக் கொழுந்து ஏற்றும் வேலையைக் கம்பனி வெளியில் ஒரு குத்தகைக்காரரிடம் விட்டிருக்கிறது. நீல நிற லொறி, புதுசு, தினமும் கழுவுகிறார்கள். அதற்கு டிரைவராக வந்தவன் நம் கீழ் லயத்து ஜூட். அந்த லொறிக்கு ஒரு சட்டம் உண்டு. கொழுந்தைத் தவிர எதுவும் ஏறக்கூடாது, ஆள் ஏறவே கூடாது. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் ஆள் அனுப்பி லொறியைக்கூடப் பார்க்கிறார்களாம். தோட்டத்தைப் பார்க்கிற சின்னத் துரை, வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோரையும் நிறுத்திவைத்து இதைச் சொன்னார். தப்பென்று நான் சொல்ல மாட்டேன். மனுஷர் வாயில் படுகிற பொருள்தானே.

ஆனால் நீ எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாய். பிரசவத்துக்குப் போனவர்கள், மரம் விழுந்து கால் உடைந்தவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் திரும்பி வந்தவர்கள். என் மகன் பசறை ஆஸ்பத்திரி வருவதற்குள் உன் லொறியிலேயே பிறந்தவன். இப்போது நோயாளிகளுக்கென்று கம்பனி ஒரு வேன் வைத்திருக்கிறது. அது கீழ்ப் பிரிவில் நிற்கும். மழை பெய்தால் எங்கள் மேல் பிரிவு ரோட்டில் ஏறாது. அரசாங்க வண்டியும் ரோட்டு நன்றாக இருக்கும் இடம் வரைக்கும்தான் வரும். அங்கு வரைக்கும் ஆளைக் கொண்டுபோவது யார்?

இதுதான் என் மருமகள் றெஜினாவின் கழுத்துக்கு வந்தது. நீ இருந்தபோது அவள் நம் வீட்டுக்கு வரவில்லை. மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். இங்கே மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்து என்னையும் உன் தங்கச்சியையும் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

ஒரு நாள் மேல் மலையில் குளவி கலைந்துவிட்டது. மற்றவர்கள் இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்துத் தப்பிவிட்டார்கள். இவளுக்குக் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் கொட்டிவிட்டது. அப்போதே ஓடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உனக்குத் தெரியாததா? கொழுந்தை நிறுக்காமல் இறங்கினால் அன்றைக்குப் பேர் பாதியாகிவிடும், கூலியும் பாதிதான். கூடையை முதுகில் போட்டபடியே கொழுந்து மடுவத்துக்கு வந்து, தராசுக்கு முன்னால் வரிசையில் நின்றிருக்கிறாள். குளவி கொட்டின உடம்போடு வரிசையில் நிற்க வேறு எந்த ஊரில் பழகியிருப்பார்கள்? தன் முறை வருவதற்குள் சாய்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு நானும் உன் தங்கச்சி லூர்தம்மாளும் இறங்கி ஓடினோம். போய்ப் பார்த்தால் முகம் அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் மூடிப்போயிருந்தன. மூச்சு விசில் மாதிரி வந்தது. அந்த நிலையிலும் என் குரல் கேட்டு, “மாமா, கொழுந்து இன்னும் நிறுக்கலை” என்றாள்.

ஜூட்டின் லொறி சாக்கெல்லாம் ஏற்றிப் புறப்படத் தயாராக நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கதவைப் பிடித்துக்கொண்டு எங்களையும் லொறியையும் மாறி மாறிப் பார்த்தான். லொறி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று குத்தகைக்காரருக்குக் காட்டிக்கொடுக்கும் பெட்டி ஒன்று உள்ளே இருக்கிறது. அவருக்குப் போன் எடுத்துப் பார்த்தான், அவர் எடுக்கவில்லை.

“ஏத்தினா வேலை போயிரும், தாத்தா” என்றான். “ஏத்தலைன்னா…”

சின்னத் துரை மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கெட்ட மனுஷர் இல்லை. பண்டாரவளையில் படித்த நம் பக்கத்துப் பிள்ளைதான். வேன் வேறொரு நோயாளியோடு பதுளைக்குப் போயிருக்கிறது என்று அவரே சொன்னார். பெரிய துரையின் போன் வேலை செய்யவில்லை. லொறியில் ஏற்றலாமா என்று ஆளாளுக்கு அவரைக் கேட்டபோது அவர் முகம் வேர்த்தது.

“நான் இரக்கமில்லாதவன்னு நினைக்காதீங்க. கொழுந்தோட ஆளை ஏத்தினது வெளியில தெரிஞ்சா தேயிலையைத் திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் தோட்டத்தை மூடினா நீங்க எல்லாரும் எங்க போவீங்க?”

அவர் சொன்னதும் உண்மைதானே. றெஜினாவின் மூச்சு மட்டும் கேட்டது.

உன் தங்கச்சியை உனக்குத் தெரியும். துரைமார் முன்னால் தலை நிமிர்ந்து பேசாதவள். அவள் எழுந்து லொறியின் பின்பக்கம் போனாள். “அப்போ கொழுந்தை எறக்குறோம். எறக்கிட்டா வெறும் வண்டிதானே, தொரை?”

முதல் சாக்கை அவளே இழுத்துப் போட்டாள். பிறகு பெண்கள் எல்லோரும் ஏறினார்கள். காலையிலிருந்து மழையில் நின்று அவரவர் எடுத்த கொழுந்தை அவரவரே சேற்றில் இறக்கினார்கள். ஒருத்தி கூட என் சாக்கைப் பார்த்து வை என்று சொல்லவில்லை. சின்னத் துரை பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிச் சாக்கு விழுந்ததும் ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு, “நான் இங்க வரலை. எதையும் பாக்கலை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பசறை வரைக்கும் அவள் தலை என் மடியில் இருந்தது. வளைவுக்கு வளைவு மூச்சு நின்று நின்று வந்தது. ஜூட் ஓட்டின ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பசறையில் ஊசி போட்டுப் பதுளைக்கு அனுப்பினார்கள். பதுளையில் அவளைப் பார்த்தது யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர். “இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிழைத்துவிட்டாள், மச்சான்.

கை வலித்ததால் நேற்று அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அதுவும் நல்லதுதான். அதை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மீதியை இன்று சொல்கிறேன்.

சேற்றில் கிடந்த கொழுந்து வீணாகிவிட்டது. பெண்களுக்கு அன்றைக்குப் பேர் விழவில்லை. கம்பனி சொல்லி, குத்தகைக்காரர் ஜூட்டை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து கம்பனி ஐயா ஒருவர் விசாரிக்க வந்தார். மடுவத்தில் கூட்டம் போட்டார்கள். றெஜினாவுக்கு ஒரு கூடை பழம் கொடுத்தார். பிறகு, கம்பனி மனிதாபிமானத்தோடு யோசித்து ஜூட்டை இந்த ஒரு தடவை மன்னிக்கிறது, அவன் மறுபடி லொறி ஓட்டலாம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஜூட் சிரித்தான். என் கை தட்ட வரவில்லை.

அப்போது நான் உன்னைத்தான் நினைத்தேன். ஆள் ஏற்றச் சொல்லி அந்தக் காலத்துக் கம்பனி உன்னிடம் எப்போதாவது சொன்னதா? சொல்லவில்லையே. பழைய துரை பார்க்காத மாதிரி இருந்தார், நீ ஏற்றினாய். கம்பனி நமக்குச் செய்தது என்று இத்தனை வருஷம் நான் நினைத்திருந்ததெல்லாம் நீ செய்தது. உனக்குப் பிறகு ஜூட் செய்தான். துணிந்து ஏற்றுகிற டிரைவர் ஒருவனும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற துரை ஒருவரும் ஒரே நாளில் வாய்த்தால்தான் ஒருத்தி பிழைப்பாள் என்றால், அடுத்தவளுக்கு அந்த நாள் வாய்க்குமா?

எழுந்து நின்றேன். “ஜூட்டை மன்னிக்க வேணாங்க ஐயா. அவன் தப்பு எதுவும் செய்யலை. அவன் செஞ்சது சரின்னு சொல்லிருங்க. இனிமே ஆபத்துன்னா கொழுந்தை எறக்கிட்டு ஆளை ஏத்தலாம்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிருங்க.”

அவர் கோபப்படவில்லை. தேயிலை செய்வதுதான் கம்பனியின் வேலை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அரசாங்கத்தின் வேலை, தங்களால் முடிந்ததை உதவியாகச் செய்கிறோம் என்று பொறுமையாக விளக்கினார்.

“இந்த ரோட்டு யாரோடதுங்க?” என்று கேட்டேன்.

“தோட்டத்தோடது.”

“மலை?”

“அதுவும் தோட்டத்தோடதுதான், பெரியவரே.”

பின்னாலிருந்து ஒருத்தி, “அப்போ குளவிதான் அரசாங்கத்தோடது” என்றாள். மடுவமே சிரித்தது. கம்பனி ஐயாவும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும், எல்லாவற்றையும் பற்றி யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார். அந்த எல்லாவற்றிலும் ஜூட்டின் மன்னிப்பும் சேர்ந்துபோய்விட்டது.

மடுவத்துக்கு வெளியே ஜூட் என் வழியை மறித்தான். கண் சிவந்திருந்தது. “நான் உங்களைக் கேட்டேனா, தாத்தா? கையில வந்த வேலைய விட்டெறிஞ்சிட்டீங்க. நாலு எழுத்துப் படிச்சதும் பேச்சு வந்துருச்சு.”

இப்போது அவன் பண்டாரவளையில் மரக்கறி மூட்டை தூக்குகிறான். அவன் அம்மா கோயிலில் எங்களைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று உன் தங்கச்சியும் சொல்கிறாள். அவனை முதலில் வேலையில் சேர விட்டுவிட்டுப் பிறகு கேட்டிருக்கலாமா? ஆனால் கை தட்டிக் கலைந்துபோன கூட்டத்தை யார் மறுபடி கூட்டுவார்கள்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? இது ஒன்றுதான் எனக்குத் தெரியவில்லை. மற்றபடி நான் கேட்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உதவி என்றால் கொடுப்பவருக்கு மனம் வர வேண்டும். றெஜினாவின் மூச்சு யாருடைய மனதுக்காகவும் காத்திருக்கவில்லையே.

கம்பனியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. ஆனால் போன கிழமை ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன்.

றெஜினா தேறி மறுபடி வேலைக்குப் போகிறாள். அன்று சாக்கு ஏற்றும்போது, லொறியின் பின்பக்கத்தில் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடத்தை விட்டு, கழுவிய படங்கு ஒன்றைக் குறுக்கே திரையாகக் கட்டினாள். எல்லாவற்றையும் இறக்க எல்லா நாளும் நேரம் இருக்காதே. அவள் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. மற்றப் பெண்களும் கேட்கவில்லை, அந்த இடத்தை விட்டே ஏற்றினார்கள். புது டிரைவர் வெளியூர்க்காரன். எதற்கு இந்த இடம் என்று கேட்டான். “சும்மா கெடக்கட்டும், தம்பி” என்றாள் ஒருத்தி. மறுநாளும் விட்டார்கள். அதற்கு மறுநாளும்.

நேற்று முன்தினம் சின்னத் துரை மடுவத்துக்கு வந்தார். லொறியின் பின்னால் போய் நின்றார். பெண்கள் சாக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் நின்றேன். பார்க்கவில்லை என்று இந்த முறை அவர் சொல்லவில்லை. திரை சாய்ந்து ஒரு சாக்கு அந்த இடத்துக்குள் விழுந்து கிடந்தது. அதைத் தானே தூக்கி மற்றச் சாக்குகளோடு வைத்துவிட்டு, படங்கை இழுத்துக் கட்டினார்.

ஆள் ஏற்றலாம் என்று கம்பனி வாயால் சொல்லும் வரைக்கும் அது போதாது, மச்சான். அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். தினமும் கொழுந்து ஏற்றும் நேரத்துக்கு மடுவத்துக்குப் போய் நிற்பேன். அந்த இடத்தில் ஒரு சாக்குகூட ஏற விடமாட்டேன். வருகிற வியாழக்கிழமை பண்டாரவளைக்குப் போய் ஜூட்டைப் பார்ப்பேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். அவன் திரும்பி வந்து அந்த லொறியில் உட்காரும் வரைக்கும் கம்பனிக்கு என் கையாலேயே எழுதிக்கொண்டிருப்பேன். மெதுவாகத்தான் எழுதுவேன், ஆனால் விடமாட்டேன்.

உன் தங்கச்சி லூர்தம்மாளின் வீட்டுக்காரன்,
உன் மச்சான் ஆரோக்கியசாமி