அட்டையில் மஞ்சளான குழந்தை

மார்ச் 4

அருமைத் தங்கச்சிக்கு,

மூன்று கடிதம் போட்டும் ஒரு வரி பதில் இல்லை. கோபம்தான், இருக்கட்டும். பிறந்த குழந்தைக்குக் காமாலை இருக்கிறதா என்று தாய்மார்கள் ஒப்பிட்டுப் பார்க்க, எங்கள் ஆஸ்பத்திரிக்காக உங்கள் அச்சகம் அடித்த அட்டைகள் வந்தன. நீ முதலில் அனுப்பிய மாதிரி அட்டை எவ்வளவு தெளிவு! இப்போது வந்ததில் நோயில்லாத நல்ல குழந்தையின் படமும் மஞ்சளாக இருக்கிறது. என்னடி ஆச்சு?

உன் அக்கா

மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

அந்த மூன்றும் மாமனார் கையோடு நின்றுவிட்டன. இதை மட்டும் பைண்டிங் செய்யும் அம்மா எடுத்துத் தந்தார். இனி அந்த அம்மா வீட்டுக்கே எழுது.

மெஷினிலும் மையிலும் குறையில்லை, தாள்தான். மாதிரியை வெள்ளைவெளேரென்ற ஆர்ட் பேப்பரில் அடித்தேன், மை மேலேயே நின்றது. மாமனார் மொத்தத்தையும் மலிவான, சொரசொரப்பான பழுப்புத் தாளில் அடிக்கச் சொன்னார். அது மையைக் குடித்துவிடுகிறது. பழுப்பு எல்லா நிறத்திலும் ஏறிக்கொள்கிறது. சொன்னேன். "கலர் தெரியுதில்ல? வேலையப் பாரு" என்றார். என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை.

மாடியில் வீடு, கீழே அச்சகம். மாமனார் மேஜையைத் தாண்டாமல் தெருவைப் பார்க்க முடியாது. என் பெயரை வெளியே விடாதே. இதை விட்டால் எனக்குப் போக்கிடம் ஏது?

தங்கச்சி

மார்ச் 15

தங்கச்சிக்கு,

போக்கிடம் ஏது என்று எழுத எப்படி மனம் வந்தது? நான் செத்தா போனேன்?

நேற்று ஒருத்தி ஒன்பது நாள் குழந்தையோடு வந்தாள். கண்வரை மஞ்சள். "அட்டையில நல்ல குழந்தையும் இப்படித்தானே இருக்கு, சிஸ்டர்?" என்றாள். விளக்கொளியில் வைத்திருக்கிறோம், பிழைத்துக்கொள்ளும். வார்டில் ஏற்கெனவே கொடுத்துவிட்ட மற்ற அட்டைகளைத் திரும்ப வாங்கச் சொன்னால், "தாள்தான் காரணம்னு யார் சொல்றது?" என்கிறார் பெரிய டாக்டர். உன்னை மாட்டிவிட மனசில்லை. என்ன செய்யட்டும்?

அக்கா

மார்ச் 20

அக்கா,

இரண்டு தாள் இணைத்திருக்கிறேன். ஒரே மெஷின், ஒரே மை, ஒரே படம். தாள் மட்டும் வேறு. பின்பக்கம், அடித்தவள் நான் என்று முழுப்பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாமனார் எதிரில் நின்றே போட்டேன்.

"இதை அனுப்பினா நீயும் அதோடயே போயிடு."

"சரிங்க மாமா."

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசுவார் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பி வந்துவிட்டேன், பைண்டிங் அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். தாள்களை உடனே டாக்டரிடம் காட்டு. நான் திங்கட்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அவர் கேட்பதற்கெல்லாம் நானே பதில் சொல்கிறேன்.

தங்கச்சி