ஓட்டை போட்டவன் நான், கோப்பை தூக்கியவன் நீ

மச்சான்,

மஞ்சக்குப்பத்தில் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். உன் போட்டோவுக்குச் சட்டம் போட்டு வரச் சொல்லி உன் அம்மா அனுப்பியிருந்தார். கடைக்காரர் ஒரு மீன்தொட்டியின் மூலைகளில் சிலிக்கான் பசையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் புளித்த காடி வாடை மூக்கில் ஏறியதும் உன் மொட்டைமாடிக்கே போய்விட்டேன். கூடவே பழைய வயிற்றெரிச்சலும் வந்துவிட்டது. நீ இருந்தவரை, என்றாவது ஒரு பரீட்சையில் முந்திவிடலாம் என்று நம்பிக்கை இருந்தது. மாலை போட்ட போட்டோவை எந்தப் பரீட்சையில் முந்துவது?

பத்தாம் வகுப்பில், உடைந்த கால்குலேட்டர்களிலிருந்து இரண்டு சோலார் பட்டைகளைக் கழற்றினாய். விரல் அகலக் கண்ணாடி. அதன் முதுகில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பூச்சு. வெயிலை மின்சாரமாக்குவது அந்தப் பூச்சுதான். கடலூர் உப்புக் காற்றில் அது எத்தனை நாள் தாங்கும் என்பது உன் கேள்வி. ஒரு பட்டையைத் திறந்தே வைத்தாய். இன்னொன்றை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து நாலு ஓரமும் இதே சிலிக்கான் பசையால் அடைத்தாய். ஞாயிறுதோறும் உச்சி வெயிலில் எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று மல்டிமீட்டர் வைத்து அளந்து நோட்டில் எழுதுவாய்.

"பொறுமை வேணும்டா. இது பத்து வருஷம் ஓடுற ஆட்டம்."

"எனக்குப் பத்து நிமிஷத்துலயே கொட்டாவி வருது மச்சான்."

அறிவியல் கண்காட்சிக்கு சார் உன் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலம், நீ தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கிய நேரத்தில், காம்பஸ் முனையால் உன் பசையில் ஒரு குத்து விட்டேன். கொசு கடித்த அளவுதான் இருக்கும்.

மழைக்காலம் முடிவதற்குள் அது வேலையைக் காட்டியது. திறந்திருந்த பட்டை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மங்கியது. அடைத்து வைத்ததிலோ பூச்சு ஓரமெல்லாம் கொப்புளித்து உரிந்தது. அளவு பாதிக்கும் கீழே போனது. நீ நோட்டை வெறித்துப் பார்த்தாய். நான் உள்ளுக்குள் விசிலடித்தேன்.

சிதம்பரத்தில் கண்காட்சி. நான் மேசை தூக்க வந்தவன். நடுவராக வந்த மேடம் குனிந்து பார்த்தார்.

"மூடி வச்சது எப்பிடிப்பா முதல்ல கெட்டுச்சு?"

"ஒரு சின்ன ஓட்டை மேடம். ஈரம் உள்ள போயிடுச்சு, வெளிய வர வழியில்ல. திறந்தது நனைஞ்சாலும் வெயில்ல காஞ்சிடுது. அரைகுறையா மூடுறதுக்கு மூடாமலே இருக்கலாம்."

முதல் பரிசு! நான் கெடுக்கப் போட்ட குத்தையே கண்டுபிடிப்பாக்கிவிட்டாய். எனக்குக் காதில் புகை வராததுதான் பாக்கி.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாய்: "மச்சான், உன் காம்பஸ் முனையில பசை காஞ்சு கிடக்கு. சுரண்டி எடுத்துடு."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் திட்டிச் சமாளித்திருப்பேன். நீயோ கடலை உருண்டையைக் கடித்துப் பாதியை நீட்டினாய். அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. 'நான்தான்டா' என்று சொல்லத் தினமும் நினைப்பேன். தினமும் வேறு ஏதாவது கிண்டலடித்துவிட்டுப் போவேன். அந்தக் கோடையில் நாலு நாள் காய்ச்சல், நீ போய்விட்டாய்.

சட்டம் போட்ட போட்டோவைக் கொடுத்தபோது உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அந்த ஓட்டை நான் போட்டதும்மா."

"தெரியும்டா. அன்னைக்கே சொல்லிட்டான். உங்கிட்ட கேக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டான்."

இதிலும் நீதான் முதல்.

உன் மாடியில் நானே ஒரு பட்டையைப் புதிதாக அடைத்து வைத்திருக்கிறேன். மழை வந்து போய்விட்டது. அளவு இம்மியும் இறங்கவில்லை. நீ செய்தது எதுவும் இவ்வளவு நாள் தாங்கியதில்லை, தெரியுமா? இதைப் பார்த்து ஒரே ஒரு தடவை உன் முகம் பொறாமையில் சுருங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் அளந்து முடித்ததும், அந்த முகம் தெரிகிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.